மாரடைப்பு என்று சொன்ன வீடு

மாரடைப்பு என்று முதலில் சொன்னது மேஸ்திரிதான். தன் தம்பியை ஆஸ்பத்திரிக்குள் விட்டுவிட்டு அவள் வராந்தாவில் நின்றபோது பக்கத்துக் கடைக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அவள் வாய் தானாகத் திறந்தது. "ஹார்ட் அட்டாக்" என்றாள். சொன்னதும் அவளுக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். அன்று மாலைக்குள் தெரு முழுக்க அதுதான் செய்தி. தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான் என்பது ஆஸ்பத்திரிக்கும் போலீசுக்கும் தெரியும். அவர்கள் தெருவில் வந்து சொல்லப் போவதில்லை. மற்றபடி அது வீட்டுப் பெரியவர்களோடு நின்றுவிட்டது.

மேஸ்திரி என்பது பட்டப்பெயர். சலவைக்கடையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள் என்பதற்காகத் தம்பி வைத்தது. வாடிக்கையாளர்களுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும், நர்சிங் ஹோமின் திரைச்சீலையும், சாப்பாட்டுக்கடைகளின் மேசைத்துணியும் அங்கே வந்து அழுக்கைக் கழற்றிவிட்டுப் போகும். மேஸ்திரியின் அப்பாவைப் பெரியவர் என்பார்கள். ரோலர் மெஷின் அவர் பொறுப்பு. ஈரத்துணியை அதன் வாயில் கொடுத்தால் மறுபக்கம் அட்டை போல் விறைத்துக்கொண்டு வரும். மேஸ்திரியின் கணவர் வேன் ஓட்டுவார். தம்பியின் மனைவி ஜன்னலோரத் தையல் மெஷினில் உட்கார்ந்து கிழிந்ததை ஒட்டுப்போடுவாள், அறுந்த பொத்தானை வைப்பாள். தையல்காரி என்றால்தான் அவளைத் தெரியும். பின்கட்டில் இருந்த துவைக்கும் மெஷின்கள் தம்பியுடையவை. எந்தக் கறைக்கு எந்தப் பவுடர் என்று அவனுக்கு மூக்காலேயே தெரியும்.

இப்போது அந்த மெஷின்களை மேஸ்திரியே பார்த்தாள். துக்க வீடு என்று லாட்ஜ்காரர்கள் சில நாள் பொறுத்தார்கள். ஆனால் ராத்திரி வந்து படுக்கிறவனுக்கு விரிப்பு வேண்டுமே. மூட்டைகள் வந்து வாசலில் குவிந்ததும் கடையைத் திறந்துவிட்டார்கள். திறந்தது ஒரு வகையில் நல்லதாயிற்று. மெஷின்கள் ஓடும்போது யாரும் பேச வேண்டியதில்லை. தம்பியின் பேச்சு வரும் இடமெல்லாம் அந்த வீடு சுற்றிக்கொண்டு போகப் பழகியது. "அவன் செருப்பை எங்க வைக்கிறது?" என்று யாரும் கேட்கவில்லை. செருப்பு படிக்குக் கீழேயே கிடந்தது, எல்லோரும் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

மழை வேறு பிடித்துக்கொண்டது. மாடியில் ஒரு துணி காயவில்லை. கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, விரிப்புகளைப் போட்டு, இருக்கிற மின்விசிறிகளையெல்லாம் ஓடவிட்டார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. துணிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். "அந்தப் பக்கம் திருப்பிப் போடு." "டீ ஆறுது." "நர்சிங் ஹோம் மூட்டை எங்க?" அவ்வளவுதான் அந்த நாட்களின் பேச்சு.

முதலில் மாறியது குட்டிதான். தையல்காரியின் மகள், மூன்றாம் வகுப்பு. படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறவள், பாதியில் நின்று உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்சம் நின்று, திருப்திப்பட்டு, அடுத்த படி.

"என்னடி பண்ற?" என்றாள் மேஸ்திரி.

"ஓடுதான்னு பாக்கறேன் அத்தை."

பெரியவர் மூட்டையைத் தூக்கினால் ஓடி வந்து தடுத்தாள். "தாத்தா, வெயிட் தூக்காதீங்க. உங்களுக்கும் நின்னுடும்." வேன்காரர் சாப்பிட்டுவிட்டு மதியம் கண்ணயர்ந்தால், மெதுவாக வந்து அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். அவர் திடுக்கிட்டு விழித்து, "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு குட்டி, இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று சிரிக்கப் பார்த்தார். குட்டி சிரிக்கவில்லை. அம்மாவை விட்டு நகர்வதே இல்லை. தையல் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். மெஷின் நின்றால் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரத்தில் எல்லோரும் ஓட, குட்டி மட்டும் மைதானத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். நெஞ்சு வலிக்கிறது என்று அழுதாளாம். டீச்சர் தையல்காரியை வரச்சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அவங்க அப்பாவுக்கு அப்படி ஆனதால சொல்றேன்" என்றார். தையல்காரி தலையாட்டிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் குடையை விரிக்க மறந்துபோய், நனைந்தபடியே கடைக்குள் நுழைந்தாள்.

மேஸ்திரி பெரிய விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஆளுக்காகக் காத்திருந்தாள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தியாக மடித்தால் நடுவில் தொய்ந்து தரையில் பட்டுவிடும். பட்டால் மறுபடி துவைக்க வேண்டும். தையல்காரி கையைத் துடைத்துக்கொண்டு எதிர்முனையைப் பிடித்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க."

"காட்டிடுவோம். நாளைக்கே போலாம்."

"டாக்டர் என்னத்தப் பார்ப்பார் அண்ணி? அவளுக்கு ஒண்ணுமில்ல. நாம சொன்ன பொய்யைத் தூக்கிக்கிட்டு அலையுறா."

மேஸ்திரி விரிப்பை உதறினாள். இருவரும் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். முகத்துக்கு முகம் வந்தது. மறுபடி பின்னால் போனார்கள்.

"அதுக்கு? பச்சப்புள்ளைகிட்ட போய் என்னன்னு சொல்லுவ?"

"நடந்ததைச் சொல்லுவேன்."

"உனக்கென்ன பைத்தியமா? நாளைக்கு ஸ்கூல்ல போய் அவ சொல்லுவா. நாலு பிள்ளைங்க நாலு விதமா கேக்கும். காலம் பூரா அவ நெத்தியில ஒட்டி வெச்ச மாதிரி ஆயிடும்."

"இப்ப மட்டும் என்ன ஒட்டி வெச்சிருக்கோம்?"

"மெதுவா பேசு. ரோட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

மறுபடி முகத்துக்கு முகம். மேஸ்திரி துணியை வாங்கப் போனாள், ஆனால் தையல்காரி முனையை விடவில்லை.

"நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு அப்ப நாக்கு எழும்பல. அதனால உங்க வார்த்தைக்கு நானும் உடந்தை. உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா தினமும் நூறு பேரு 'ஐயோ பாவம், நல்லா இருந்த மனுஷன்'ங்கறாங்க. நல்லா இல்ல அண்ணி. ரெண்டு வருஷமா அவர் நல்லாவே இல்ல. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பட்ட பாட்டை அவர் பட்டதாவே சொல்ல முடியல. அவரை இன்னொரு தடவை இல்லாம ஆக்குற மாதிரி இருக்கு."

"என் தம்பியைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத."

"எடுக்கல. நீங்க ஆரம்பிச்சது. நீங்களே முடிங்கன்னு கேக்குறேன்."

ரோலர் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேஸ்திரி விரிப்பை அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். "பிடி" என்றாள். அந்த மூட்டை முடியும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் மடித்தார்கள். அன்றைக்கு மடித்ததெல்லாம் கத்தியால் வெட்டிய மாதிரி அத்தனை நேர்த்தியாக இருந்தது.

மறுநாள் காலை வேன்காரர் மூவரையும் கிளினிக்கில் இறக்கிவிட்டார். குழந்தைகள் டாக்டர், கண்ணாடி போட்ட பெண்மணி. குட்டியைக் கட்டிலில் உட்கார வைத்து, முன்னாலும் பின்னாலும் கேட்டுவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை அவள் காதிலேயே மாட்டிவிட்டார்.

"கேக்குதா?"

குட்டி கண் விரியத் தலையாட்டினாள். "குதிரை ஓடுற மாதிரி இருக்கு."

"நல்ல குதிரை. நொண்டல. குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை இருக்கா?"

கேள்வி பெரியவர்களுக்கு. குட்டி முந்திக்கொண்டாள். "எங்க அப்பாவுக்கு. திடீர்னு நின்னுடுச்சு."

டாக்டர் பேனாவை எடுத்தார். குட்டியை நர்ஸோடு வெளியே மீன்தொட்டி பார்க்க அனுப்பினார். "எத்தனை வயசு அவருக்கு?"

"நாப்பது ஆகல" என்றாள் மேஸ்திரி.

"முன்னாடி மயக்கம் போட்டு விழுந்திருக்காரா? படபடப்பு? மூச்சுத் திணறல்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"அப்படின்னா லேசா எடுத்துக்க முடியாது. இந்த வயசுல ஒண்ணுமே இல்லாம நின்னுதுன்னா, பரம்பரையா வர்றதா இருக்கலாம். குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கணும். ஒரு நாள் முழுக்க உடம்புல மெஷின் கட்டிப் பார்க்கணும். ரத்தமும் எடுக்கணும். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"அப்ப உங்களுக்கும் எல்லாம் எடுக்கணும். அப்பா அம்மா இருக்காங்களா?"

"அப்பா இருக்கார்."

"அவருக்கும்."

"அவர் கல்லு மாதிரி இருக்கார் டாக்டர்."

"உங்க தம்பியும் அப்படித்தானே இருந்தார்?"

பேனா ஓடும் சத்தம் கேட்டது. சின்ன மார்பில் ஒயர்கள் ஒட்டிக்கொண்டு குட்டி கட்டிலில் படுத்திருப்பது அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. இல்லாத நோய்க்கு ஊசி. வந்த நோய்க்குப் பெயரே கிடையாது. அவள் தையல்காரியைப் பார்த்தாள். தையல்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எதிர்முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"டாக்டர்" என்றாள் மேஸ்திரி. "எழுதாதீங்க."

"ஏன்?"

"அவனுக்கு ஹார்ட்ல ஒண்ணுமில்ல." கடையில் அத்தனை மெஷின்களுக்கு மேலாகக் கத்திக் கத்திப் பழகிய குரல், இப்போது நூலாக வந்தது. "அவனாவேதான் போயிட்டான். தற்கொலை. நான்தான் எல்லார்கிட்டயும் ஹார்ட்டுன்னு சொல்லிட்டேன்."

அந்தச் சொல்லை அவள் அதுவரை மனதுக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை. சொன்ன பிறகு சுவர் சுவராகவே இருந்தது. வெளியே யாருடைய குழந்தையோ அழுதது. டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"சரி" என்றார். "சொன்னதுக்கு நன்றி. ரொம்ப வருத்தமா இருக்கும்மா."

தையல்காரி அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை, மூக்கை முந்தானையில் துடைத்துத் துடைத்து. மேஸ்திரி அழவில்லை.

"குழந்தைக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அவளுக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லா இருந்த மனுஷனுக்கு ஹார்ட் சும்மா நின்னுடுச்சு. அப்ப தன்னோடதும் சும்மா நிக்கும், அம்மாவோடதும் நிக்கும். அவ கணக்கைச் சரியாத்தான் போட்டிருக்கா. நாம கொடுத்த நம்பர்தான் தப்பு."

"எப்படிச் சொல்றது டாக்டர்?" என்றாள் தையல்காரி.

"சின்னதா சொல்லுங்க. பொய் இல்லாம சொல்லுங்க. எப்படி நடந்ததுங்கற விவரமெல்லாம் இப்ப வேண்டாம். கேட்டா, பெரியவளானதும் சொல்றேன்னு சொல்லலாம். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. முக்கியமா, அவ பண்ணின எதனாலயும் இது நடக்கலன்னு சொல்லுங்க. ஒரு தடவை சொன்னா போதாது." மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "நீங்க தூங்குறீங்களா?"

"நானா? எனக்கென்ன."

"அப்ப தூங்கல. நீங்களும் ஒருத்தர்கிட்ட பேசணும். இந்த மாதிரி குடும்பங்களோட உட்கார்ந்து பேசுறவங்க இருக்காங்க. எல்லாருமா போங்க."

வேனில் ஏறியதும் வேன்காரர் கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க?"

"இன்னிக்குச் சீக்கிரம் ஷட்டரை இறக்கணும்" என்றாள் மேஸ்திரி. "நீங்களும் இருக்கணும். வெளிய டெலிவரி, கிலிவரின்னு ஓடிறாதீங்க."

அவர் புரிந்துகொண்டார். தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மடிக்கும் மேசைமேல் ரொட்டியும் அவித்த முட்டையும் டீயும் இருந்தன. பெரியவர் மட்டும் ரோலரை விட்டு வரவில்லை. தலையணை உறைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். குட்டியை மேசைமேலேயே உட்கார வைத்தார்கள். தையல்காரி முன்னால் நின்று அவள் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

"குட்டி, உன் ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் சொன்னாங்கல்ல?"

"ம்."

"அப்பாவோட ஹார்ட்டுக்கும் ஒண்ணுமில்லடா. நாங்க உன்கிட்ட தப்பா சொல்லிட்டோம்."

குட்டி அத்தையைப் பார்த்தாள். மேஸ்திரி, "நான்தான் தப்பா சொன்னேன்" என்றாள்.

"அப்ப அப்பா சாகலையா?"

அந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. குழந்தையின் முகத்தில் ஒரு கணம் பளிச்சென்று ஏதோ வந்தது. அதை அணைப்பதுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை. தையல்காரி அதைத் தானே செய்தாள்.

"செத்துட்டார்டா. வர மாட்டார். ஆனா ஹார்ட்டால இல்ல. அப்பாவுக்கு மனசுல ஒரு வியாதி இருந்துச்சு. காலு உடைஞ்சா வெளிய தெரியும். இது தெரியாது. அந்த வியாதி வந்தா எல்லாமே ரொம்ப பாரமா இருக்கும், இனிமே சரியாகாதுன்னு தோணிக்கிட்டே இருக்கும். சரியாகும், ஆனா ஆகாதுன்னு தோணும். அந்த வலியில அவரே தன் உயிரை எடுத்துக்கிட்டார். அதுக்குத் தற்கொலைன்னு பேரு."

ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் துணி எதுவும் போகவில்லை.

"எப்படி?"

"அது நீ பெரியவளானதும் கேளு. அப்ப சொல்றேன். மறைக்க மாட்டேன்."

"டாக்டர்கிட்ட போகலையா?"

"போனார். மாத்திரை சாப்பிட்டார். கொஞ்சம் நல்லா இருந்தார். அப்புறம் பாதியில நிறுத்திட்டார்."

"எனக்கும் வருமா?"

"எல்லாருக்கும் வராது. மனசு எப்பவாவது அப்படி பாரமா இருந்தா உடனே எங்ககிட்ட சொல்லணும். மருந்து இருக்கு. நிறைய பேருக்குக் குணமாகுது. நான் உன்கூடவே இருப்பேன்."

குட்டி ரொட்டியைக் கிள்ளினாள். கிள்ளிய துண்டை உருட்டினாள். ரொம்ப நேரம் உருட்டினாள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு அப்பா எனக்கு ஷூ லேஸ் கட்டிவிட வந்தார். நீங்க கட்டினா அவுந்துடும், அம்மா கட்டட்டும்னு சொல்லிட்டேன்." உதடு பிதுங்கியது. "அதனாலயா?"

"இல்ல" என்று தையல்காரி சொல்வதற்குள் வேன்காரரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் போலத் தொடங்கி வேறு எதுவாகவோ முடிந்தது. எந்நேரமும் கிண்டலும் சிரிப்புமாக இருக்கும் மனிதர் மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அதனால இல்ல குட்டி. நான்... அவன் போறதுக்கு முந்தின வாரம், வேன்ல வரும்போது 'நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் லேசாயிடும் மாமா'ன்னான். எனக்கு அது உறைக்கவே இல்ல. 'ஆமாடா, நீ இறங்கினா வண்டி மைலேஜ் கூடும்'னு சொல்லிச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான். சத்தியமா சிரிச்சான்."

மேஸ்திரி கணவரையே பார்த்தாள். இதை அவர் அவளிடம்கூடச் சொன்னதில்லை. "மெஷின் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உள்ளயே பார்த்துக்கிட்டு நின்னான்" என்றாள் மெல்ல. "வேலை பாக்க இஷ்டமில்லன்னா மேல போய்ப் படுன்னு கத்தினேன். சரிக்கான்னுட்டுப் போனான். நான் நிமிர்ந்துகூடப் பாக்கல."

"மாத்திரையை நிறுத்திட்டார்னு எனக்குத் தெரியும்" என்றாள் தையல்காரி. "கேட்டா சண்டை வரும்னு விட்டுட்டேன். தினமும் அந்த டப்பாவைப் பார்ப்பேன், மூடி வெச்சிடுவேன்."

ரோலர் நின்றது. நின்ற பிறகுதான் மழைச் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. பெரியவர் கையைச் சட்டையில் துடைத்தபடி, தொங்கும் விரிப்புகளை விலக்கிக்கொண்டு வந்தார். மகன் போன நாளிலிருந்து அவர் முழு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் 'ஆம்பளையாடா நீ'ன்னு கேட்டேன்" என்றார். "எந்திரிக்க முடியலப்பான்னான். ஊர்ல எவனுக்குமில்லாத கவலை உனக்கு மட்டும் என்னடான்னேன்."

அவர் மேசை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஆளாளுக்கு ஒண்ணை மடியில கட்டி வெச்சுக்கிட்டு, நான்தான் நான்தான்னு உள்ளுக்குள்ளயே போட்டி போட்டிருக்கோம். இதுல ஒருத்தர் சொல்றது நெசம்னா மத்தவங்க சொல்றது பொய்யாகணும்ல? நான் திட்டினதாலதான் போனான்னா, அவன் பத்து வயசுலயே போயிருக்கணும். தினமும் திட்டினேன். மேஸ்திரி கத்தினதாலன்னா இந்தத் தெருவுல ஒருத்தர் உசுரோட இருக்க மாட்டாங்க."

வேன்காரர் பொத்திய கைக்குள்ளிருந்து சிரித்துவிட்டார். தன்னை அறியாமல் வந்த சிரிப்பு. உடனே பயந்து நிறுத்தினார். மேஸ்திரி, "ஏன் நிறுத்துறீங்க, உண்மைதானே" என்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய.

பெரியவர் குட்டியின் காலைப் பிடித்தார். "ஷூ லேஸுக்கெல்லாம் யாரும் சாகறதில்ல கண்ணு. அப்பாவுக்கு உன் மேல கோவமே இல்ல. வியாதி. நான் அதை வியாதின்னு மதிக்கல. அந்த வருத்தம் எனக்கு இருக்கும். அதைத் தாத்தா பாத்துக்குவேன். நீ தூக்க வேண்டாம்."

"எனக்கு அவர் மேல கோவம் இருக்கு" என்றாள் தையல்காரி திடீரென்று. எல்லோரும் திரும்பினார்கள். "இருக்கு. என்னை எழுப்பியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டார். பாசமும் இருக்கு, கோவமும் இருக்கு. ரெண்டும் இருக்கு."

"இருக்கட்டும்" என்றார் பெரியவர். "எனக்கும் இருக்கு."

குட்டி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை பெரியவர்கள் ஒரே இடத்தில் அழுது அவள் பார்த்ததில்லை. பயந்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "முட்டையை யாராவது உரிச்சுத் தாங்க" என்றாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.

அதன் பிறகு எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மேஸ்திரிக்குப் பல நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மெஷின் கதவைத் திறந்து உள்ளே பார்க்கும்போதெல்லாம் அவள் கை நின்று நின்று போகும். டாக்டர் சொன்ன இடத்துக்கு எல்லோருமாகப் போனார்கள். பெரியவர் முதல் தடவை வாசலிலேயே நின்றுவிட்டார். அடுத்த தடவை உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த தடவை அங்கிருந்த மின்விசிறி சத்தம் போடுகிறது என்று ஏறிக் கழற்றிச் சரி செய்துவிட்டு வந்தார். அங்கே அவர்களைப் போல இன்னும் பல வீட்டார் வந்தார்கள். ஒரு பள்ளி வாத்தியார், ஒரு நகைக்கடைக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண். மேஸ்திரி திரும்பி வரும்போது, "நாம மட்டும்தான்னு நெனச்சேன். இவ்வளவு பேர் வாயை மூடிக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

வீட்டுக்குள் தம்பியின் பேச்சு திரும்பி வந்தது. முதலில் கொஞ்சமாக. செருப்பை எடுத்து என்ன செய்வது என்று பேசினார்கள். வேன்காரரின் காலுக்குச் சரியாக இருந்தது, அவர் போட்டுக்கொண்டார். குட்டி நேரம் காலம் தெரியாமல் கேள்வி கேட்டாள். பல் தேய்க்கும்போது, "வியாதி அப்பாவுக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்பாள். தையல்காரி தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். பிள்ளை படிகளில் மறுபடி தடதடவென்று இறங்க ஆரம்பித்தாள். ஒரு நாள் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டபோது மேஸ்திரி திட்டாமல் மருந்து போட்டாள். அதைப் பார்த்துத்தான் தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது.

மழை விட்டு, மாடிக்கொடிகள் நிறையத் துணி காய்ந்த ஒரு முற்பகலில் லாட்ஜ் மேனேஜர் ஒருவர் கடைக்கு வந்தார். வெளியூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி இங்கே மாற்றலாகி வந்தவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்பத்தான் கேள்விப்பட்டேன். ஹார்ட் அட்டாக்காமே. சின்ன வயசு" என்றார்.

மேஸ்திரி கட்டிக்கொண்டிருந்த மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "ஹார்ட் அட்டாக் இல்ல சார். அப்படி நான்தான் முதல்ல சொன்னேன். அவனுக்கு மனசுல வியாதி இருந்துச்சு. தற்கொலை பண்ணிக்கிட்டான்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். தையல் மெஷின் நின்றது. மேஸ்திரி அடுத்த மூட்டைக்குக் கை நீட்டினாள். இப்படிப் போகிறவர்கள் அவளுக்குப் பழகிவிட்டார்கள். ஆனால் அவர் வாசலில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எனக்கு அவரை அவ்வளவா தெரியாது" என்றார். "பின்பக்கம் நின்னு கையாட்டுவார். எப்படிப்பட்ட ஆளு அவரு?"

அந்தக் கேள்வியை அத்தனை நாளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எப்படிச் செத்தான், ஏன் செத்தான் என்றுதான் கேட்டார்கள். மேஸ்திரி முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க சார். இந்தக் கடையில சேர்ந்த புதுசுல அவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஒரு பெரிய லாட்ஜோட வெள்ளை விரிப்பு அத்தனையையும் மெஷின்ல போட்டான். கூடவே ஒரு சிவப்புச் சட்டையும் போயிடுச்சு. எடுத்துப் பார்த்தா எல்லாம் ரோஸ் கலரு. எங்கப்பா அடிக்க வர்றார். இவன் என்ன பண்ணினான், நல்லா தேய்ச்சு மடிச்சு, தானே எடுத்துக்கிட்டு அந்த லாட்ஜ் முதலாளிகிட்ட போய், 'புதுசா கல்யாணமானவங்க வந்து தங்குற இடம், வெள்ளை விரிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, இதுதான் இப்ப எல்லா இடத்துலயும்'னு சொல்லியிருக்கான். அந்த ஆளும் நம்பிட்டார். துணி நைஞ்சு போற வரைக்கும் அந்த லாட்ஜ்ல ரோஸ் கலர்தான். மீதி இருந்த வெள்ளையையும் ரோஸாக்கித் தரச் சொல்லி அனுப்பினார்!"

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். தையல்காரி நூலைப் பல்லில் கடித்தபடியே சிரித்தாள். ஜன்னலோரத்தில் படம் வரைந்துகொண்டிருந்த குட்டி, "எங்க அப்பாவா? நெசமாவா?" என்று எழுந்து ஓடி வந்தாள்.

ரோலருக்குப் பின்னாலிருந்து பெரியவரின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"சொல்றதை முழுசா சொல்லு மேஸ்திரி. அந்தச் சிவப்புச் சட்டை உன்னோடது!"